இரண்டாம் கடிதத்திலிருந்து

"அம்சவல்லி, நாளைக்கு முதல் பஸ்ஸுல கிளம்பிடணும்மா. திங்கட்கிழமை மறுபரீட்சை. மறுபடி தோத்தா ஸ்காலர்ஷிப் போயிடும்!"

ரிங்லெட் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலை மலை ஏறிய மூச்சிரைப்பு விரிவுரையாளர் அமிர்தலிங்கத்துக்கு இன்னும் அடங்கவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பெண், கொழுந்துக் கறை படிந்த விரல்களால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முந்நூறு பேர் வகுப்பில் முகம் எங்கே நினைவிருக்கப் போகிறது அவருக்கு!

பல்கலைக்கழகத்தில் அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் பாடத்துக்குப் பாஸ்கல் என்ற புது நிரல்மொழி வந்தது. நினைத்த வரிக்குத் தாவும் பழைய 'கோட்டூ' கட்டளையிலேயே ஊறிப்போன பிள்ளைகள் திண்டாடிப் போனார்கள். தோற்றவர்களுக்கு விடுமுறையில் வாரம் ஒரு பாடம் தபாலில் அனுப்பினார் அவர்.

அம்சவல்லி விடை எழுதி அனுப்பிய முதல் கடிதத்தில் ஏழு கோட்டூ. தலையில் அடித்துக்கொண்டு பதினொரு பக்கம் விளக்கம் எழுதிப் போட்டார்.

இரண்டாம் கடிதத்திலிருந்து ஒன்றுகூட இல்லை! பழைய பழக்கம் அவளுக்கு இருந்த சுவடே தெரியவில்லை. எல்லாம் தன் விளக்கத்தின் மகிமை என்று சக ஆசிரியர்களிடம் அவர் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் மறுபரீட்சை விண்ணப்பம் மட்டும் அவளிடமிருந்து வரவேயில்லை. மனசு கேட்காமல் அவரே விண்ணப்பப் பாரத்தோடு வந்துவிட்டார்.

"புது முறையில எப்படி எழுதணும், சொல்லு பாப்போம்?"

"ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேரு வைக்கணும் சார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, வேலைய முடிச்சிட்டு, கூப்பிட்ட எடத்துக்கே திரும்பி வந்துடும். அவ்வளவுதான்லா."

"சபாஷ்! அப்புறம் என்ன பயம்? கையெழுத்துப் போடு."

அவள் பேனாவைத் தொடவில்லை. எஸ்டேட் ஆபீஸ் பக்கமிருந்து அவள் அம்மா ருக்குமணி வந்துகொண்டிருந்தாள், அவர் அனுப்பிய தபால் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"பாரு, உன்னை நினைச்சு அம்மாவுக்கு எவ்வளவு பெருமை!"

பெண்ணின் கண்கள் நிரம்பிவிட்டன.

"நான் தங்கச்சி சார், ரஞ்சிதம். உங்க பதினோரு பக்கம் வர்றதுக்குள்ளயே அக்கா காய்ச்சல்ல போயிடுச்சு."

அமிர்தலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாரம் கையிலேயே கசங்கியது.

"அப்புறம் ஏம்மா... எனக்கு எழுதிக்கிட்டே இருந்தே?"

"ஆபீஸ் கிளார்க்கு கிராணி, அக்கா பேரைக் கூப்பிட்டுத் தபால் குடுக்கிற அன்னிக்கு மட்டுந்தான் சார், அம்மா சோறு சாப்பிடுது."