ஜாக்கிரதை வீட்டுப் பாசிமணி

“விபத்து என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது. கவனக்குறைவு மட்டும்தான் உண்டு!”

தினமும் காலையில் தொழிற்சாலை வாசலில் மைக் பிடித்து இப்படி முழங்குவது அந்தப் பாதுகாப்பு அதிகாரியின் வழக்கம். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஜாக்கிரதை’. அன்று மாலை அந்த ஜாக்கிரதை, ஒரு கையில் தன் இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைக்குட்டையை முகத்தில் ஒற்றியபடி, ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார் ஆச்சு?” என்று கேட்டாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த நர்ஸ்.

“பாசிமணி... மூக்குல... உள்ள போயிடுச்சு.”

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பெரியவளுக்கு ஏழு வயதிருக்கும், சின்னவளுக்கு நாலு. சின்னவள் கையில் அரைகுறையாகக் கோத்த ஒரு பாசிமாலை.

“இந்தக் குட்டிதானே? அது முழிக்கிற முழியைப் பாத்தாலே தெரியுதே!”

ஜாக்கிரதை கொஞ்சம் தயங்கினார். பிறகு, “ம்” என்றார்.

“அப்பா...” என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

“பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

“இல்லப்பா, வந்து...”

“உஷ்!”

நர்ஸ் விவரங்களைப் பதிந்துகொண்டே வசைபாட ஆரம்பித்தாள். “சின்னக் குழந்தை இருக்கிற வீட்ல பாசியெல்லாம் கைக்கு எட்டற மாதிரியா வைப்பாங்க? கூட ஒரு பெரிய ஆள் இருந்து பாத்துக்க வேணாமா?”

“நான்தான் கூட இருந்தேன்.”

“நல்லா இருந்தீங்க, போங்க! அழாதீங்க சார், குரலே கம்மிப் போச்சு. என்ன வேலை பாக்கறீங்க?”

“தனியார் கம்பெனி” என்றார் ஜாக்கிரதை. அதற்கு மேல் விளக்கவில்லை.

அவர் வீட்டில் மேஜை முனைகளுக்கெல்லாம் ரப்பர் தொப்பி. சமையலறை வாசலில் குட்டிக் கதவு, அதற்கு இரட்டைத் தாழ்ப்பாள். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் அவர் மனைவியே அனுமதி கேட்டாக வேண்டும். இப்பேர்ப்பட்ட கோட்டைக்குள் ஒரு மிளகளவுப் பாசி புகுந்து மானத்தை வாங்கிவிட்டது.

“கவனமா கேளுங்க” என்றாள் நர்ஸ். “டாக்டர் கூப்பிடற வரைக்கும் அழக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூக்கை உறிஞ்சவே கூடாது. ஒரே ஒரு இழுப்பு போதும், பாசி மூச்சுக்குழாய்க்குப் போயிடும். அப்புறம் உயிருக்கே ஆபத்து.”

ஜாக்கிரதை தலையை ஆட்டாமல் மெல்ல அடியெடுத்து வைத்தார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மூச்சு விடவே பயமாக இருந்தது. எதிரே ஒருவர் பலமாகத் தும்ம, இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னவள் மட்டும் காலை ஆட்டிக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருந்தாள்.

செல்போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, ஆஸ்பத்திரின்னு மெசேஜ் போட்டுட்டு சும்மா இருந்தா எப்படி? யாருக்கு என்ன?”

“மூக்குல... பாசி...”

“சின்னவதானே? எனக்குத் தெரியும்! போன வருஷம் காதுல ரப்பரைத் திணிச்சவளாச்சே!”

“ம்.”

“நீங்க பக்கத்துல இருந்துமா இப்படி? ஆட்டோ ஏறிட்டேன். நான் வர்றதுக்குள்ள குழந்தைக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நடக்கறதே வேற!”

“ம்.”

அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டுமே என்று அவர் வேண்டாத தெய்வமில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

டாக்டர் இளம்பெண். சின்னவளைத் தூக்கி உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்.

“ரொம்ப வலிக்குதா கண்ணு?”

ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கவே கூடாது என்பது வரும் வழியில் அப்பா போட்ட விதி. சின்னவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“அடேயப்பா, என்ன தைரியம்! உங்கப்பாவைப் பாரு, அவருக்குத்தான் வேர்த்து ஊத்துது.”

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கமும் ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது.

“எப்ப போச்சு சார்?”

“அரை மணி நேரம் இருக்கும்.”

“மூக்குல இல்லையே. பின்பக்கமா இறங்கியிருக்கும். நர்ஸ், ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க. மயக்கம் குடுத்து, குழாய் விட்டுப் பாத்துடலாம். சார், நீங்க வெளிய இருங்க.”

ஸ்ட்ரெச்சர் கடகடவென்று வந்து நின்றது. சின்னவளின் உதடு பிதுங்கியது. விதி பறந்தது.

“அப்பா, எனக்கு ஊசி குத்துவாங்களா?”

பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா! இப்பவாவது சொல்லுங்கப்பா!”

ஜாக்கிரதை ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். சின்னவளின் உதட்டைப் பார்த்தார். மனைவி எந்த நிமிடமும் வந்துவிடக்கூடிய கதவைப் பார்த்தார். பிறகு சின்னவளைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, அதே நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

“சார், என்ன பண்றீங்க? தலை சுத்துதா?” என்று பதறினார் டாக்டர்.

“பாசியை மூக்குல போட்டா என்ன ஆகும்னு,” பெரியவள் ஒரே மூச்சில் கொட்டினாள், “அப்பா எங்களுக்குச் செஞ்சு காட்டினாரு டாக்டர்!”

பாசி அவருடைய இடது மூக்கில் இருந்தது.