படகுக்கு ஒரு கையெழுத்து

குணசீலன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். படகின் அடித்தகடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து அவர் ஷூ மேலேயே விழுந்தது.

"போதும்மா. இனிமே தட்டிப் பார்க்க என்ன இருக்கு?"

சியாமளா டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

மான்ட்ரியாலின் லஷீன் கால்வாயை எழுபதாம் வருஷமே கப்பல் போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். அதில் ஓடிக்கொண்டிருந்த இந்த ஒல்லியான இரும்புப் படகை அவள் கணவர் ஜெயசங்கர் வாங்கி, படகு யார்டில் கட்டைகள் மேல் ஏற்றிவைத்து, ஒரு வருஷமாகப் பழுது பார்க்கிறார். காரை விற்றாயிற்று. சென்னையில் வாங்க நினைத்த மனையும் போயாயிற்று.

இப்போது யார்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். வசந்தத்தில் இது மிதக்கும் என்று ஒரு கப்பல் எஞ்சினீயர் எழுதிக் கொடுத்தால் படகு குளிர்காலம் முழுக்க இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பனி விழுவதற்குள் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்.

பம்பாயிலும் மான்ட்ரியாலிலுமாக இருபது வருஷம் கப்பல்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவர் குணசீலன். ஜெயசங்கரோடு ஒன்றாகப் படித்தவர். கூப்பிட்டார்களே என்று ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் புறநகர் ரொக்ஸ்பரோவிலிருந்து வந்திருந்தார்.

அவருக்குக் கோபமாக வந்தது. யூனிவர்சிட்டியில் உலோகவியல் பாடம் எடுக்கிறவன், துருவைப் பற்றி ஊர் ஊராகப் போய் லெக்சர் அடிக்கிறவன், இந்த ஓட்டைச் சட்டியிடம் போய் ஏமாந்திருக்கிறானே!

"அவனுக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. நீயாவது தடுத்திருக்க வேண்டாமாம்மா? மிதக்காதுன்னு எழுதிடறேன். உங்க ரெண்டு பேருக்குமே விடிவுகாலம்."

"மிதக்கும்னு எழுதிக் கொடுங்கண்ணா."

"என்னது?"

"மிதக்காதுன்னு எனக்கும் தெரியும். போன மாசமே யார்டுக்காரர் சொல்லிட்டார். இவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

படகுக்குள்ளே ஜெயசங்கர் துரு சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சியாமளா குரலைத் தாழ்த்தினாள்.

"மஞ்சு போனப்புறம் ஏழு மாசம் இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலைண்ணா. சாப்பாடு வச்சது வச்சபடியே காயும். கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்க மாட்டார். இந்தப் படகு வந்தப்புறம்தான் கையெல்லாம் துருவோட வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துன்னு கேட்கிறார். இதையும் வெட்டிப் போட்டா, எனக்கு இவரும் இல்லை."

மஞ்சு அவர்களுடைய ஒரே பெண். எட்டு வயது. மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள்.

இருபது வருஷத்தில் குணசீலன் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஏணியில் ஏறிப் படகுக்குள் போனார்.

"என்னடா, எப்படி இருக்கு?" என்றார் ஜெயசங்கர், சுரண்டுவதை நிறுத்தாமலே.

குணசீலன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அடியில ரெண்டு மூணு தகடு மாத்தணும். மத்தபடி கெட்டி. வசந்தத்துல தண்ணியில இறக்கிடலாம்."

ஜெயசங்கர் சுரண்டியைக் கீழே வைத்தார். நண்பரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்காகப் பொய் சொல்றியா? டேய், துருதான்டா எனக்குச் சோறு போடுது. வாங்கின அன்னிக்கே தெரியும். விரலால குத்தினா ஓட்டை விழும்."

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு செலவு?"

ஜெயசங்கர் ஜன்னல்களைக் காட்டினார். இரண்டு ஜன்னல்களில் மஞ்சள் பூப்போட்ட சின்னத் திரைகள் தொங்கின.

"அது மஞ்சுவோட கவுன்."

குணசீலன் எழுந்து போய்த் திரையைக் குனிந்து பார்த்தார்.

"அவ துணி இருக்கிற அலமாரியை சியாமளா யாரையும் தொட விடலை. அந்த அலமாரிக்கு எதிரிலேயே தரையில படுத்துக் கிடந்தா. ஒருநாள் பார்க்கிறேன், எலும்பும் தோலுமா இருக்கா. இவளும் போயிடுவாளோன்னு பயம் வந்துடுச்சு. எதையாவது செய்யணுமேன்னு இதை வாங்கினேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவரணும்னாவது வீட்டை விட்டு வெளியே வருவாள்ல?"

"வந்தாளா?"

"வந்தா. என்னைத் திட்டவும் ஆரம்பிச்சா. போன மாசம், படகுக்குத் திரை வேணும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் அவளே அலமாரியைத் திறந்தா. அழுதுக்கிட்டே வெட்டித் தைச்சா."

ஜெயசங்கர் திரையின் ஓரத்தை விரலால் நீவி விட்டார்.

"இன்னும் நாலு ஜன்னல் பாக்கி இருக்கு. மிதக்கும்னு எழுதிக் கொடுடா. நான் இதைத் தண்ணியில இறக்கவே மாட்டேன், சத்தியம். சியாமளாகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடாதே. இதை நம்பித்தான் அவ எழுந்து நடமாடறா."

"நாலு ஜன்னலும் முடிஞ்சப்புறம்?"

"தெரியலைடா."

குணசீலன் காகிதத்தை முழங்கால் மேல் வைத்து எழுதினார். நாலே வரிதான். கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. போட்டுவிட்டார்.

ஏணியிலிருந்து இறங்கியதும் சியாமளா பக்கத்தில் ஓடிவந்தாள்.

"எழுதிட்டீங்களாண்ணா? இவர் நம்பிட்டாரா?"

குணசீலன் அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

"முழுசா நம்பிட்டான்மா."