பெயர் கேட்ட மேனேஜர்

மலேசியாவின் மேரு ஊரில் இருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பவுனம்மாள் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். மேனேஜர் திருச்செல்வம் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று அவரே அவள் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, உங்க பேரு என்ன?"

"பவுனம்மாள், பாஸ்."

"வெறும் பேரு மனசுல நிக்காது லா. கூட ஏதாவது ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கிட்டா மறக்காதுன்னு கோர்ஸ்ல சொன்னாங்க. வீட்டுல யாரு இருக்கா?"

"மக மட்டும்தான். ஃபார்ம் ஃபைவ் படிக்கிறா. டாக்டராகணும்னு சொல்றா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பவுனம்மாள், டாக்டர் மக" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அன்று மாலை பவுனம்மாள் அதை மகளிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

அந்த வாரம் அவர் இன்னும் இருபத்தொன்பது பேரிடமும் அப்படியே பேசினார். வெள்ளிக்கிழமை அந்த முப்பது பேரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார். கையில் பட்டியல் இல்லை. முகத்தைப் பார்த்தே பெயர் சொல்லி, ஆளுக்கொரு கவர் கொடுத்தார்.

"பவுனம்மாள், மக நல்லா படிக்கிறாளா?"

சிரித்துக்கொண்டே வாங்கிப் பிரித்தாள். வேலை நீக்கக் கடிதம்.

"இதுக்கா பாஸ் பேரு கேட்டீங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஹெட் ஆபீஸ் ஆர்டர், அக்கா. நிப்பாட்டுறவங்களை மரியாதையா பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான் குடுக்கணுமாம்."

அவர் பெயர் கேட்காதவர்கள் எல்லோரும் திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வந்தார்கள்.