பெரிய எழுத்து, சின்ன எழுத்து

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அவள் போனைப் பார்த்தாள்.

ஒரு மெசேஜ். அனுப்பியவர் ஆறுச்சாமி மாமா.

காலை பதினொரு மணி வரை அவர் மாமனார். குடும்ப நீதிமன்றத்தில் பிரசன்னாவும் அவளும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு, அவரை என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரே வரி.

nI seythathu sarithAn, ammiNi. inimElAvathu nimmathiyA iru.

நீ செய்தது சரிதான், அம்மிணி. இனிமேலாவது நிம்மதியா இரு.

அவள் இரண்டு முறை படித்தாள்.

நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். மெசேஜ் அனுப்ப அவசியம் வந்ததில்லை. கூடத்திலிருந்து கூப்பிடுவார், அவள் சமையலறையிலிருந்து பதில் சொல்வாள். வழக்கு நடந்த இரண்டு வருடமும் ஒரு வார்த்தை கிடையாது. இன்று காலைகூட நீதிமன்ற வராந்தா பெஞ்சில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் இருந்த தங்கை ஹேமா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது நக்கல்."

"என்னடி சொல்ற?"

"எழுத்தைப் பாரு. சின்னதும் பெருசுமா மாத்தி மாத்திப் போட்டிருக்காரு. அப்படி அடிச்சா, சொன்னதுக்கு நேர்மாறா அர்த்தம். இன்ஸ்டாவுல எல்லாரும் இப்படித்தான் கலாய்ப்பாங்க."

அவள் மறுபடி பார்த்தாள். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நின்றன. யாரோ வாயைக் கோணிக்கொண்டு பேசுவது போல.

நீ செய்தது சரிதான்.

நிம்மதியா இரு.

நீதிமன்றத்தில் வராத கோபம் இப்போது வந்தது. காது மடல் சுட்டது.

இவருமா?

ஹேமா சொல்லச் சொல்ல அடித்தாள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

rOmBa nAnDrI mAmA.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். ஹேமா சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிங்காநல்லூரில் இறங்கி வீட்டுக்கு நடந்து, ஹேமா குளிக்கப் போன பிறகு, போன் அதிர்ந்தது.

இந்த முறையும் அதே ஆங்கில எழுத்து, ஆனால் நீளமாக இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

‘அட அம்மிணி, நீயும் இப்படி எழுதுவியா? எனக்குத் தெரியாமப் போச்சே. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தே இல்லாத காலத்துல ஈமெயில் குழுவுல நாங்க இப்படித்தான் எழுதுவோம். குறிலுக்குச் சின்ன எழுத்து, நெடிலுக்குப் பெரிய எழுத்து. இப்ப யாரும் எழுதறதில்லை. எனக்குக் கை மாற மாட்டேங்குது.’

அதற்குக் கீழே இன்னொன்று.

‘ரெண்டு எடத்துல தப்பு. ரொம்பங்கறதை ரோம்பன்னு இழுத்துட்ட. அங்க சின்ன o போடோணும். நன்றிக்கு nanRi. பெரிய R போட்டாத்தான் வல்லின ற. மாமா மட்டும் சரியா இருக்குது.’

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

விரலால் மேலே தள்ளி, முதல் மெசேஜுக்குப் போனாள்.

நீ. பெரிய I, நெடில்.

சரிதான். பெரிய A.

அம்மிணி. பெரிய N, மூன்று சுழி.

ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு பெரிய எழுத்துகூட வேண்டாத இடத்தில் இல்லை.

வரி முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். அவர் குரலில் கேட்டது. கூடத்திலிருந்து கூப்பிடும் குரல்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஹேமா ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது? அவள் நக்கலடித்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு அவர் அழைத்தார்.

எடுத்தாள். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"மைதிலி?"

"சொல்லுங்க மாமா."

"உன்ற சைக்கிளு இங்கயேதான் நிக்குது அம்மிணி. வக்கீலு எழுதுன சாமான் லிஸ்ட்டுல அது இல்லை. நானும் யாருகிட்டயும் சொல்லலை."

அவள் மறந்தே போயிருந்தாள். இரண்டு பையோடு ஆட்டோவில் ஏறிய அன்று, அது படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தது.

"டயரெல்லாம் போயிருக்குமே மாமா."

"அதெல்லாம் போகலை. வாரா வாரம் காத்தடிச்சு வெக்கறேன்."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அவரே தொடர்ந்தார்.

"கோயமுத்தூருக்குள்ளயே ராமநாதபுரத்துல இருந்து அங்க என்ன பெரிய தூரமா? ஞாயித்துக்கிழமை காத்தால நானே மிதிச்சுக்கிட்டு வந்துடறேன்."

"வாங்க மாமா. சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

"சரி அம்மிணி."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. டிவியின் சத்தம் குறைந்தது. அவர் குரலும் தணிந்தது.

"அவன்கிட்டச் சொல்லிட்டு வரட்டுமா, சொல்லாம வரட்டுமா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சட்டை, ஒரு போர்வை, இன்னொரு சட்டை.

"சொல்லிட்டே வாங்க மாமா."

"ம்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளறையைப் பார்த்து அவர் கூப்பிட்டார்.

"டேய் பிரசன்னா, இங்க வா."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அவளும் துண்டிக்கவில்லை.