சாய்ந்த தடித்த எழுத்து

மூன்று நாளாகக் காணாத மகளுக்கு நோட்டீஸ் அடிக்க வீராயியும் கணவன் சடையாண்டியும் அச்சுக்கடைக்கு வந்திருந்தார்கள். கடைப்பெண் ‘காணவில்லை’யைத் தடித்த, சாய்ந்த எழுத்தில் வைத்தாள். திரையில் அது எங்கோ விரைவதுபோல் இருந்தது.

“ஓடுற பஸ்லருந்தே படிச்சிரலாம்க்கா.”

“எதுக்கும்மா இவ்ளோ தடியா? நேரா, ஒல்லியா, பொடிசா வை. ஸ்டேஷன்ல காட்டப் பத்து காப்பி போதும்” என்றான் சடையாண்டி.

“பொடிசா இருந்தா யாரு கண்ணுல படும்?” என்றாள் வீராயி.

“எவன் கண்ணுல பட்டு என்னடி? அவ வரவா போறா?”

எழுத்து நிமிர்ந்தது; மெலிந்தது; சுருங்கியது. இந்த மூன்று நாளும் வீட்டு வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் தான் மட்டுமே எழுந்து ஓடியது வீராயிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை.

“இப்பப் பாந்தமா இருக்கு” என்றான் சடையாண்டி.