பிரிக்காத பாக்கெட்

"இன்னா நாகவல்லி, இன்னியோட கடைக்குப் பூட்டா?"

நூம்பலில் நாகவல்லியின் டிபன் கடைக்குள் நுழையும்போதே டில்லிபாபு சிரித்தான். பரிசோதனை அறிக்கையோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கும் செய்தி அவனுக்கு எட்டியிருந்தது.

நாகவல்லி தோசைக்கல்லைத் துடைத்தாள். அவள் கணவன் தங்கராஜ் இடது கையால் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. டில்லிபாபுவின் பனீர் கம்பெனி இயந்திரத்தில் போனவை.

நாகவல்லி கணவனோடு நியாயம் கேட்டுப் போன அன்று டில்லிபாபு ஒரே கேள்விதான் கேட்டான். "இவன் என்னாண்ட வேலை பாத்ததுக்குக் காயிதம் கீதா?"

அதிகாரி ஜானகிராமன் அறிக்கையைப் பிரித்தார். "போன மாசம் இந்தக் கடையில எடுத்த பனீர்ல பாமாயில் இருக்கு. பால் கொழுப்பைத் தவிர வேற கொழுப்பு கலந்தா, சட்டப்படி அது பனீரே இல்ல."

"அப்படிப் போடு. ஜனங்க துன்ற பொருளு சார். சும்மா உடாதீங்க, கேஸு போடுங்க."

"போடத்தான் போறோம். ஆனா இவங்க மேல இல்ல. நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே இந்தம்மா ஃப்ரிட்ஜ்லேர்ந்து பிரிக்காத பாக்கெட்டை எடுத்து வச்சாங்க. சீல் உடையல. அப்ப தயாரிச்சவர்தான் பதில் சொல்லணும்."

அவர் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கம்பெனி பேர்தானே?"

டில்லிபாபுவின் சிரிப்பு நின்றது. "இவளுக்கு நான் சரக்கே போடறதில்ல சார். என் பாக்கெட்டுதான்னு இன்னா ஆதாரம்?"

"காயிதம் கீது," என்றாள் நாகவல்லி. அவள் பனீர் வாங்கிய கொரட்டூர் ஏஜென்சியின் பில் ஜானகிராமன் கையில் இருந்தது. அதில் பாக்கெட்டின் பேட்ச் எண்ணும் இருந்தது.

"என் கம்பெனிக்கு ரெண்டு வாட்டி வந்து பாத்தீங்களே சார். நல்ல பாலுதானே இருந்துச்சு?"

"நாங்க வர்றது ரெண்டு வாட்டியும் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது. இந்த வாட்டி நாங்க அங்க வரலையே."

டில்லிபாபு கடையைச் சுற்றிப் பார்த்தான். குரல் இறங்கியிருந்தது. "இந்தக் கடை மேல புகார் குடுத்தவன் எவன் சார்? பேர மட்டும் சொல்லுங்க."

"சொல்லக் கூடாது."

நாகவல்லி துணியைப் பிழிந்து உதறினாள்.

"நான்தான் குடுத்தேன், மொதலாளி."