பசின்னா அணில் கடை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இது வியாபாரக் கதை.

வேப்பமரப் பொந்திலே கடலைக்கடை போட்ட அணிலுக்கு ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கலை. அது நேரே முச்சந்திப் புளியமரத்து மைனாகிட்டே போச்சு. அந்தப் பக்கம் போறவங்க எல்லாரும் மைனாகிட்டேதான் வழி கேட்பாங்க.

"உன் கடைக்கு ஆள் அனுப்பறேன். எட்டிப் பார்க்கிற தலைக்கு எனக்கு ஒரு கடலை. அவங்க வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. கடலை எங்கேன்னு கேட்கிறவங்களை மட்டும் அனுப்பவா?" என்றது மைனா.

அணிலுக்கு ஆசை அடங்கலை. "பசின்னு வர்ற அத்தனை பேரையும் அனுப்புக்கா."

மறுநாள் ஒரே கூட்டம். மாடு வந்து வைக்கோல் கேட்டுச்சு. கொக்கு வந்து, மீன் இல்லாத இதெல்லாம் ஒரு கடையான்னு கேட்டுட்டுப் போச்சு. ஒருத்தரும் கடலை வாங்கலை. மைனா மட்டும் தலைக்கு ஒண்ணு வாங்கிக்கிட்டே இருந்துச்சு. கடைசியா எட்டிப் பார்த்தது பூனை. அதுக்குக் கடையிலே பிடிச்சுப்போனது கடைக்காரரைத்தான். வால் மயிர் பாதியைப் பறிகொடுத்துட்டு அணில் புளியமரத்துக்கு ஓடுச்சு.

"பூனையையுமாக்கா அனுப்புவே?"

"பசின்னுச்சு, அனுப்பினேன். எட்டிப் பார்த்துச்சில்ல? கடலையை எடு."

அணில் ஒரு கடலையை எடுத்துக் கொடுத்துச்சு. அப்புறம், துரத்திக்கிட்டே வந்து மரத்தடியிலே நின்ன பூனையைக் குனிஞ்சு பார்த்துச்சு.

"அண்ணே, இன்னும் பசியா? இதே மரத்திலே மூணாவது கிளை, மைனாக்கா வீடு. குஞ்சு நாலு இருக்கு. வழி சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாம்."